ஆதிமூலத்துக்கு ஒரு ஜாமீன்

— பொய் சொல்லாதய்யா. பொட்டியில நெலத்துப் பட்டாவக் காணம். காலையிலேருந்து உன்னையும் காணம். உரம் வாங்கப் போறன்னு சொல்லிட்டு வந்தவன் செஞ்சி கோர்ட்டு வாசல்ல எதுக்கு நிக்கிற?

— மெதுவா பேசு ஜெயக்கொடி. சுத்தி எல்லாம் அவுங்க ஆளுங்க. நீ எப்பிடி வந்த?

— உன்னக் கோர்ட்டாண்ட பாத்ததா டீக்கடையில சொன்னாங்க. வல்லத்துல பஸ் ஏறி வந்தன். பஸ்ஸு முழுக்க கோட்டை பாக்கப் போற பசங்க. ஒத்தக் கால்ல நின்னுக்கினு வந்தன். கேக்குறன்ல, பட்டா எங்க?

— வக்கீலு விமல்ராஜ் கையில இருக்குது.

— அவரு ஆருக்கு வக்கீலு?

— சேர்மனுக்கு.

— எந்தச் சேர்மன்? ஆதிமூலமா?

— ஆமா. ஐகோர்ட்டுல அவருக்கு முன்ஜாமீன் குடுத்துட்டாங்க. இன்னிக்கி இங்க வந்து ஆஜராவுறாரு. உள்ளூர்ல சொத்து இருக்கற ரெண்டு பேரு ஜாமீன் நிக்கணுமாம். ஒருத்தன் அவரு மச்சான்.

— இன்னொருத்தன் நீயா?

— ம்.

— ஏன்யா, அந்தாளுக்குப் பங்காளி இல்லியா? கட்சிக்காரன் இல்லியா? போயும் போயும் இந்தப் பாவாடைதான் கெடைச்சானா?

— நம்ம ஊரு ஆளாத்தான் வேணுமாம். ஏரி ஒடைஞ்ச ஊருக்காரனே வந்து நின்னா, ஜனங்களுக்கு அவரு மேல கோவம் இல்லன்னு ஆயிடுமாம். வக்கீலு சொன்னாரு.

— ஊர்ல மத்தவன் எவனும் ஒத்துக்கல. அத்தச் சொல்லு.

— ஒத்துக்கல.

— ஏரிக்கரைய பலப்படுத்தியாச்சுன்னு அவரு போட்டோவப் போட்டு போர்டு நட்டாங்க. ஒரு கூட மண்ணு கொட்டி நீ பாத்தியா?

— இல்ல.

— நானும் பாக்கல. பில்லு மட்டும் பாஸாச்சு. புயல் மழையில கரை புட்டுக்கினு போனதும் யாரு வூட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சு? தனகோட்டி பொண்டாட்டி பொணத்த வேலிகாத்தான் முள்ளுலேருந்து எடுத்தது யாரு? நான்தான். முடியில சிக்குன முள்ள ஒண்ணொண்ணா எடுத்துட்டுத்தான் அவளக் குளிப்பாட்டுனன். கேக்குறன்ல, அது உனக்குத் தெரியாதா?

— நானும்தான் அங்க இருந்தன். நீ சொல்லித்தான் தெரியணுமா?

— தெரிஞ்சிக்கினுதான் வந்து நிக்கிறியா?

— அட இரு. கலைமதிய நெனைச்சிப் பாத்தியா? நம்ம பொண்ணுக்கு அங்கன்வாடி வேலை அவரு சொல்லித்தான் கெடைச்சுது.

— சொன்னாரு, கெடைச்சுது. அதுக்கு அவ நைனா நீ நெலத்தக் கொண்டாந்து வெக்கணுமா? வேலை போனா போவட்டும். அந்த வேலைய நம்பியா அவள வளத்தோம்? கரும்பு வெட்டித்தான வளத்தோம்.

— வேலை இல்லடி. வேலை மட்டும்னா நான் வந்திருக்க மாட்டன்.

— பின்ன?

— அவரு பையன் வூட்டுக்கு வந்தான்.

— எப்ப?

— நீ கொல்லையில மல்லாட்டச் செடி புடுங்கிக்கினு இருந்தப்ப. கட்டில்ல உக்காந்து டீ குடிச்சான். மரியாதையாத்தான் பேசுனான். போவும்போது, 'கலைமதி அக்கா எந்த ஊரு சென்டர்ல இருக்குது, ஒண்டியாத்தான் வண்டியில போய் வருதா'ன்னு கேட்டான். அவ்ளோதான் கேட்டான்.

— ஒண்டியான்னு கேட்டானா?

— ஆமா.

— எங்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா நீ தூங்குவியா? எனக்குத்தான் தூக்கம் இல்ல, உனக்காவது இருக்கட்டும்னு வுட்டன்.

— போலீசுல போய்ச் சொல்லலாம்ல.

— இன்னான்னு சொல்றது? டீ குடிச்சான், அக்காவ விசாரிச்சான்னா?

— கலைமதிக்குப் போன் போடு. இப்பவே போடு.

— போட்டன். சென்டர்லதான் இருக்கறா. புள்ளைங்களுக்கு சோறு போட்டுக்கினு இருக்கறன், அப்பறம் பேசறன்னா.

— திரும்பி வரும்போது யாரையாவது கூட்டிக்கினு வரச் சொல்லு.

— சொன்னா ஏன்னு கேப்பா. அப்பறம் எல்லாத்தையும் சொல்லணும்.

— அந்தாளு கோர்ட்டுக்கு வராம ஓடிட்டாருன்னா நமக்கு இன்னா ஆவும்?

— நெலத்த ஜப்தி பண்ணுவாங்க.

— இன்னாய்யா இவ்ளோ சுளுவா சொல்ற. உங்க தாத்தனுக்கு ஒரு காணி நெலம் இருந்துச்சா? எங்க தாத்தனுக்கு இருந்துச்சா? நீ பெங்களூருல செங்கல் சொமந்து, நான் சீசனுக்கு சீசன் கரும்பு வெட்டப் போயி வாங்குனது. நம்ம ரெண்டு பேரு வம்சத்துலயும் மொத நெலம் அதுதான்.

— தெரியும்டி.

— வா, போயிடலாம். பஸ்டாண்டு ரொம்ப தூரமா? பஸ் எது நிக்கிதோ அதுல ஏறிடுவோம்.

— கோர்ட்டு கேட்டாண்ட செவப்புச் சட்டை ஒருத்தன் நிக்கிறான் பாரு. நான் ஒண்ணுக்குப் போனாலும் பின்னாடியே வரான்.

— நம்மளையேதான் பாக்குறான்.

— நீ அவனப் பாக்காத.

— உள்ள இன்னா கேப்பாங்களாம்?

— வக்கீலு சொல்லிக் குடுத்துட்டாரு. இவரத் தெரியுமான்னு கேட்டா தெரியும்னு சொல்லு, வருவாரான்னு கேட்டா வருவாருன்னு சொல்லு, வேற எதுவும் பேசாதன்னாரு.

— காலையில ஏதாவது சாப்டியா?

— எறங்கல.

— வேப்பமரத்தாண்ட நிக்கிறது யாரு? நம்ம தனகோட்டியா?

— அவனேதான். ஏரி கேஸு போட்ட நாள்லேருந்து ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடையா நடக்கறானாம். என்னப் பாத்ததும் ஓடியாந்து கையப் புடிச்சிக்கினான். 'ஊர்லேருந்து ஒருத்தரும் வர்றது இல்ல மாமா, நீயாவது வந்தியே'ன்னான்.

— நீ இன்னா சொன்ன?

— தண்ணி குடிச்சிட்டு வரன்னு சொல்லிட்டு இந்தப் பக்கம் வந்துட்டன்.

— கடவுளே.

— தோ, என் பேரக் கூப்புடுறாங்க. நான் போறன்.

— இருய்யா. ஒண்ணு சொல்றன், கேளு. வந்ததுலேருந்து நான் பேசுனத மனசுல வெச்சிக்காத. வக்கீலு சொல்லிக் குடுத்தத அப்பிடியே சொல்லிடு.

— நீயா சொல்ற?

— நான்தான் சொல்றன். நெலம் போனா போவுது, மறுபடியும் கரும்பு வெட்டப் போறன். பொண்ணு ஒண்டியா வண்டி ஓட்டிக்கினு வரா. எனக்கு வேற எதுவும் தோணல. வருவாருன்னு சொல்லிட்டு வந்துடு.

— சரி. நீ இங்கியே நிழல்ல நில்லு.

— பாவாடைங்கறது நீங்கதானா? இப்படி முன்னாடி வந்து நில்லுங்க. பயப்படாதீங்க. நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

— சரிங்க ஜட்ஜம்மா.

— இந்தப் பட்டா நிலம் உங்க பேர்லதான் இருக்கா?

— ஆமாங்கம்மா.

— வேற யாருக்காவது இதுக்கு முன்னாடி ஜாமீன் நின்னிருக்கீங்களா?

— இல்லீங்கம்மா. கோர்ட்டுக்குள்ள வர்றதே இன்னிக்கித்தான்.

— ஜாமீன் நிக்கச் சொல்லி உங்களை யாராவது மிரட்டினாங்களா?

— இல்லீங்கம்மா.

— வக்கீலை ஏன் பாக்குறீங்க? என்னைப் பாத்துச் சொல்லுங்க.

— இல்லீங்கம்மா. யாரும் மிரட்டல.

— இங்க நிக்கிற ஆதிமூலத்தை உங்களுக்குத் தெரியுமா?

— தெரியுங்கம்மா. எங்க சேர்மனா இருந்தவரு.

— கோர்ட்டு சொல்ற தேதியில இவர் வரலைன்னா உங்க நிலத்து மேல நடவடிக்கை எடுப்போம். அது புரிஞ்சுதான் வந்திருக்கீங்களா?

— புரியுதுங்கம்மா.

— சரி. கூப்பிட்டா இவர் வருவாரா?

— அம்மா...

— சத்தமா சொல்லுங்க. நான் எழுதணும்.

— கரையில கசிவு எடுக்குதுன்னு, வெடியக்காலையில நாங்க ஊரே மாத்தி மாத்தி இவருக்குப் போன் போட்டுக் கூப்ட்டோம்மா. கடைசியா நான் கூப்ட்டப்ப எடுத்தாரு. 'பொக்லைன் கூட்டிக்கினு தோ வந்துட்டன், யாரும் வூட்ட வுட்டுப் போவாதீங்க'ன்னாரு. அத்த நான்தாம்மா தனகோட்டி வூட்டுல போய்ச் சொன்னன். அப்பறம் இவர இன்னிக்கிதாம்மா பாக்குறன்.