கண் திறந்த அப்பாவோடு ஒரு படம்

மணமேடைக்குத் தலைமையேற்ற போதகர் ஐயா அவர்களே, மறைமலைநகர்க் கம்பெனி பஸ்ஸில் என் தோளைத் தூணாக்கித் தூங்கும் தோழர்களே, சம்பந்தி ஏசுதாஸ் அவர்களே, பந்தி நேரம் தாண்டியும் பொறுமை காக்கும் தாய்மார்களே! பத்தாவதைத் தாண்டாத இந்தத் தாவீதின் தோத்திரமும் வணக்கமும்.

என் இமைகளை அறியாதார் யார்? மழைநீர் தேங்கிய பந்தலாய்ச் சரிந்த இமைகள்! விழித்திருந்தேன், தூங்குகிறான் என்றார்கள். ஜெபித்தேன்; தூங்குகிறான் என்றார்கள். நிச்சயதார்த்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் மகள் ஜாய்ஸ் சொன்னாள்: "கல்யாணப் படத்துலயாவது கண்ணைத் திறந்துகினு நில்லுப்பா. அது போதும் எனக்கு."

அது போதாதா எனக்கு? ஆறு வாரத்துக்கு முன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். மரத்துப்போக ஊசி, இமையில் தொங்கிய மிச்சத் தோலுக்குக் கத்தி, மயிரிழையாய்த் தையல். இன்னா அண்ணாத்த, வலிச்சுதா என்கிறீர்களா? ஊசிதான் சுருக்கென்றது, அப்புறம் யாரோ இழுப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு வந்ததே ஒரு கனாக்காலம்! வீடு திரும்பி, இரண்டு தலையணையில் தலை உயர்த்தி, களிம்பு பூசிய கண்ணோடு கிடந்தேன். சன்னல் கரைந்தது. சன்னலுக்கு வெளியே மாமல்லபுரத்துக் கடல் வானத்தில் கரைந்தது. ஐஸ் ஒத்தடம் கொடுக்க வந்த ஜாய்ஸும் கரைந்து, ஒருகணம் பள்ளிக்கூடப் பையோடு, மறுகணம் வெள்ளைச் சேலையோடு மிதந்து வந்தாள்!

கண்ணைத் தேய்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்றார் டாக்டர். பெண்ணைப் பெற்றவன் குனியாமல் இருக்க முடியுமா, ஐயா? ஐந்தாம் நாளே தட்டில் பத்திரிகை வைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, சம்பந்தி வாசலில் வில்லாய் வளைந்தேன். கண்ணாடி விழுந்தது. உள்ளே இரண்டு கத்திரிக்காய்!

"இன்னா சம்பந்தி, வூட்ல அடியா?" என்றார் இவர். என் சம்சாரமே ரூத்து, என்னை முறைக்காதே! கேட்டது அவர்!

வீக்கம் இரட்டித்தது. கல்யாணத்துக்குள் வடியாதோ என்று கலங்கினேன். ரூத் அதட்டினாள்: "இனிமே நான் குனிஞ்சிக்கிறேன். நீ கம்முனு நிமிர்ந்து குந்து!" குந்தினேன். மறுநாள் தையல் பிரித்தார்கள். மூன்று வாரத்தில் நீலம் போனது. தழும்புக் கோடு மட்டும் இன்னும் லேசாய்ச் சிவப்பு.

இன்று காலை, சர்ச்சில், கேமரா முன் நிமிர்ந்தேன். கண் இரண்டும் திறந்தே இருந்தன. பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஜாய்ஸ். களிம்பே இல்லாமல் கரைந்தாள். பள்ளிக்கூடப் பையோடு மிதந்தாள். அந்தக் கனவு கலையக் கூடாதே என்று ஒருகணம் இமை மூடினேன். பளிச்!

மன்னித்துவிடு, மகளே. இந்த ஒருமுறை இமையின்மேல் குற்றமில்லை. மூடியது நான்தான்.

கண் கொட்டாமல் கேட்ட உங்களுக்கு நன்றி. இலை போட்டாயிற்று, எழுந்திருங்கள்! வணக்கம்.