முழங்கைத் தையல்

மணி பதினொன்றே கால். தவளக்குப்பத்துக் கல்யாண மண்டபத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். மகள் ரூபியின் கல்யாண விருந்து முடிந்து எல்லோரும் வேனில் போயாகிவிட்டது. மண்டபச் சாவியை ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார் தனிஸ்லாஸ். நம்மோடு படித்த ஜோசப் ஆனந்தின் சித்தப்பாதான்... புதுச்சேரி சாரத்தில் வீடு.

உடம்பில் நீலக் கம்பளிக் கோட்டு. அவருடையதில்லை.

சலவைக்கடையில் மாறி வந்தது. அவர் வெளுக்கப் போட்டது முழங்கை நைந்த கறுப்புக் கோட்டு. வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால் இது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அந்துவான் என்ற பெரியவருடையது. தன்னை இதில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி, வெளுக்கப் போட்டிருந்தார். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

கடைக்காரர் கோவிந்தசாமி வியர்க்க ஓடி வந்தார்.

"சார், கோட்டு மாறிப்போச்சு. பொணத்தக் குளிப்பாட்டி வச்சிட்டு நிக்கிறாங்க. உங்ககிட்ட வந்துச்சா?"

"எங்கிட்ட இல்லப்பா. வேற எடத்துல பாரு."

அப்போது அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லை. பெரியவர் வீட்டுக்கு மாறிப்போயிருந்த கறுப்புக் கோட்டையே அவருக்குப் போட்டார்கள். பெரியவர் ஆகிருதியான ஆள். கறுப்புக் கோட்டு முதுகைக் கிழித்துத்தான் ஏறியது. அடக்கத்துக்குப் போய்வந்த தனிஸ்லாஸின் மனைவி இருதயமேரி, வாசலிலேயே புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"முழங்கையில நான் போட்ட தையலோட படுத்திருக்காருங்க மனுசன். இத அவங்க வூட்லயாச்சும் குடுத்துடுங்க."

"மண்ணுக்குள்ள போறவருக்கு எந்தக் கோட்டா இருந்தா என்னடி? பொண்ணு கல்யாணத்துல நான் கிழிசலோட நிக்கவா?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கல்யாண இரவு, வீடு திரும்பும் வழியில் சுண்ணாம்பாற்றுப் பாலம். உங்களுக்குத் தெரியும்... அங்கே எப்போதும் காற்று அடிக்கும். அன்று இல்லை. பாதிப் பாலத்தில் ஸ்கூட்டரின் பின்பக்கம் தாழ்ந்தது. ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி. ஸ்பிரிங் ஒருமுறை கிரீச்சிட்டது. அணைந்த மெழுகுவர்த்தி வாசனை... பிறகு ஈர மண்.

கண்ணாடியில் பார்த்தார். முகம் இல்லை. ஒரு கறுப்புக் கை மட்டும். மடக்க முடியாமல் விறைத்து நின்றது. முழங்கையில் குறுக்குத் தையல்.

காதோரம், மெதுவாக...

"இறுக்குது, தம்பி."

எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. வீட்டு வாசலில் பின்பக்கம் எழும்பியது. இறங்கியாகிவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இருதயமேரி கதவைத் திறந்தாள்.

"என்ன, சம்பந்தியோட சேந்து ஊத்திக்கிட்டீங்களா? மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

சிரித்தபடி அவர் முதுகில் கை வைத்தாள். கை கோட்டின் கிழிசலுக்குள் போயிற்று. எடுத்தாள். விரல்களில் ஈர மண்.

வாசல் விளக்கைப் போட்டாள். அவர் முழங்கையைத் தூக்கிப் பார்த்தாள். கறுப்புத் துணியில் அவள் போட்ட குறுக்குத் தையல்.

"ஏங்க... இதப் போட்டுத்தான அவரப் பொதச்சாங்க?"