சாட்சியின் முழங்கால்

மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் பிற்பகல் படகு. வெள்ளைச் சட்டை போட்டு நீதிமன்றத்திலிருந்து திரும்பிய மீனவர் ஒருவரிடம், பக்கத்தில் இருந்த பெண் கேட்டார்:

“குந்தி எழும்பிறதுக்கும் வழக்கோ, அண்ணை?”

“ஓம் பிள்ளை. எங்கடை தேகாப்பியாச மாஸ்ரர் செத்தாப்பிறகு, அவர் கண்டுபிடிச்ச அந்தப் பயிற்சி ஆருக்குச் சொந்தம் எண்டு மகளும், அவரிட்டைப் பழகின பெடியனும் இழுபடுகினம். வெல்லுற ஆள்தான் இனிப் பழக்கலாம்.”

“நீங்கள் ஆரின்ரை பக்கம்?”

“மகள்தான் சாட்சிக்குக் கூப்பிட்டவ. நாரி பிடிச்சு, இடுப்பு நிமிர்த்த ஏலாமல் கிடந்த என்னைத் திரும்பக் கடலுக்கு அனுப்பினது மாஸ்ரர். செய்து காட்டச் சொல்லிச்சினம். சாட்சிக் கூண்டுக்குள்ளையே குந்தினனான்.”

“ஐயோ! பிறகு?”

“முழங்கால் உள்ளுக்குச் சரிஞ்சு போச்சு. ‘வெளியில தள்ளுங்கோ, மூச்சை விடுங்கோ’ எண்டு மகளும் பெடியனும் ஒரே நேரத்தில கத்திச்சினம். அப்பிடியே மாஸ்ரரின்ரை குரல்.”

“நீதிபதி ஏசேல்லையோ?”

“சிரிச்சுப்போட்டு, வழக்கை வேறை நாளுக்குத் தவணை போட்டார்.”

“மாஸ்ரர் நல்லாத்தான் பழக்கியிருக்கிறார். அவை ரெண்டு பேரும்?”

“கோட்டு வாசல்ல என்னைத் திரும்பக் குந்த வைச்சு, ஆளுக்கொரு முழங்காலைப் பிடிச்சவை. படகு போயிடும் எண்டு நான்தான் காலை இழுத்து விடுவிச்சுக்கொண்டு வந்தனான்.”