பேரணாம்பட்டுக்குப் போன கேன்

பெயர் கிருபானந்தம், வயது 46, தகப்பனார் பெயர் தேவானந்தம், தொழில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை, இருப்பு ஆம்பூர் ரயில்வே கேட் அருகே லைன் வீடு. நாள் 8-8-1979, புதன்கிழமை.

நான் கொடுத்த ஒரு கேன் பெட்ரோல், மண்ணெண்ணெய் என்று பேரணாம்பட்டுக்குப் போயிருக்கிறது. அதை அடுப்பில் ஊற்றும் முன் ஆள் போக வேண்டும் என்று சொல்லத்தான் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். முதலிலிருந்து வரிசையாகச் சொல்லும்படி ரைட்டர் சொன்னதால் அப்படியே சொல்கிறேன்.

என் மைத்துனன் ஜெயகரன் வாடகை டாக்சி ஓட்டுகிறான். பெட்ரோல் விலை மறுபடி ஏறும் என்ற பேச்சு வந்ததும் பங்க்கில் ஸ்டாக் இல்லை என்று பலகை மாட்டினார்கள். ஆனால் முதலாளிமார் கார்களுக்குப் பின்பக்கம் ஊற்றினார்கள், நாங்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எண்ணெய்க் கம்பெனிகளுக்கு மூன்றே மாதத்தில் லாபம் இரண்டு மடங்கு என்று பேப்பரில் இருந்ததை டீக்கடையில் படித்துவிட்டு ஜெயகரன், "நம்ம வயித்துல அடிச்சு அவன் பொட்டி ரொப்பறான் மாமா, நாம கொஞ்சம் எடுத்து வெச்சா தப்பா?" என்றான். எனக்கும் எரிச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கிருந்தோ பிடித்து வந்த பெட்ரோலை என் வீட்டில் வைக்கச் சம்மதித்தேன்.

ஷாப்பில் சாயம் வந்த காலி டின்களை வீட்டுக்குக் கொண்டுவருவது எங்கள் வழக்கம். என் மண்ணெண்ணெயும் அதே மாதிரி டின்னில்தான் இருந்தது. அடையாளம் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "இன்னா மாமா, மோந்து பாத்தா தெரியாதா?" என்று ஜெயகரன் சிரித்தான். இருபத்திரண்டு வருடம் குழியில் நின்ற எனக்கு எந்த வாசனையும் தெரியாது. அதை அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சரி என்றேன்.

அதன் பிறகு இன்று காலை ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு அக்தரி பேகம் வந்து, பேரணாம்பட்டில் தாய் வீடு போவதாகவும், அங்கே ரேஷனில் மண்ணெண்ணெய் வரவில்லை என்றும் சொல்லி, "கொஞ்சம் கிருஷ்ணாயில் இருந்தா குடு அண்ணே, வந்து திருப்பிடறேன்" என்றது. நான் ஒரு டின்னைத் திறந்து, தெரிந்தவன்போல் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, அது கொண்டுவந்த கேன் நிறைய ஊற்றி மூடியை இறுக்கிக் கொடுத்தேன். அது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியது.

அதன் பிறகு பகல் ஒரு மணிக்கு ஜெயகரன் அவசரத்தில், நான் எடுத்துக் கொடுத்த மற்ற டின்னை மோந்து பார்க்காமலே கொண்டுபோய் டாக்சியில் ஊற்ற, வண்டி கரும்புகை கக்கிப் பாதி வழியில் நின்றது. இரண்டு மணிக்கு ஓடிவந்து சொன்னான். எங்களுக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. "வாயத் தொறக்காதே மாமா, பதுக்கல் கேஸ் போட்ருவாங்க, என் லைசென்ஸ் போயிடும்" என்றான். நோன்பு மாதம், சாயங்காலம் வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு நான்கே முக்கால் வரை சும்மா இருந்தேன். அதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

அதன் பிறகு இங்கே வந்தேன். பேரணாம்பட்டுக்கு டிரங்க் கால் போட்டார்கள், லைன் கிடைக்கவில்லை. ஜீப்பை அனுப்பச் சொன்னேன். ஜீப்பில் பெட்ரோல் இல்லை, கோட்டா முடிந்துவிட்டது என்றார்கள். என் வீட்டு டின்னில் இன்னும் பாதி இருக்கிறது, ஊற்றிக்கொண்டு போங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அது வழக்குச் சொத்து, தொடக் கூடாது என்றார்கள். என்னையும் வெளியே விடவில்லை.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடிதான் இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ இல்லை. கையெழுத்துப் போடும் இந்நேரம் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு சொல்கிறார்கள்.

(ஒப்பம்) தே. கிருபானந்தம்