தூரத்தில் நின்ற படகு

டங். இரும்பில் குண்டு படும் சத்தம். மறுபடி டங்.

நான் கப்பலின் மேல்தளத்தில் வயிற்றால் ஊர்ந்துகொண்டிருக்கிறேன். இப்போதுதான் விடிந்திருக்கிறது. கண்ணாடி நொறுங்குகிறது. மலையாளத்தில் யாரோ அம்மாவைக் கூப்பிடுகிறார். இரண்டு படகுகள். ஒன்று கிட்டே வருகிறது. இன்னொன்று வெகு தூரத்தில், புள்ளி மாதிரி.

"ஏலே, கீழ படு! தலையத் தூக்காத!"

கத்துவது நான். காதில் வாங்காமல் நிற்பவன் சூசை. என் மனைவியின் தம்பி. ஆலந்தலைக்காரன். இந்தக் கப்பலில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

நான் அந்தக் கப்பலின் போசன். மேல்தள ஆட்களுக்கெல்லாம் தலைவன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். பட்டாளத்தில் சில வருஷம், பிறகு கடல். யார் காலையும் பிடிக்காமல் மில்லர்புரத்தில் மாடி வீடு கட்டினேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

செங்கடல் பக்கம் சண்டை நடந்து, ஆயுதப் படகுகள் கப்பல்களைத் தாக்கிய காலம் அது. நாங்கள் கோதுமை மாவு ஏற்றிப் போனோம். காவலுக்கு இரண்டு நேபாளத்துக்காரர்கள் வந்தார்கள், தாப்பா, குருங் என்று. ஆளுக்கொரு துப்பாக்கி. இரண்டுமே ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு போகும் ஜாதி. அடுத்த குண்டு தானாக ஏறிக்கொள்ளும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் தெரியாமல் எங்கள் கதையைப் பேசுகிறவர்கள் சும்மா பேசுகிறார்கள்.

தாப்பாவுடையது நீளமானது. கட்டைப் பிடி. பட்டாளத்தில் நான் தூக்கிய எஸ்.எல்.ஆர் துப்பாக்கிக்கு அண்ணன் தம்பி முறை. குண்டு பெரிது. சுடும்போது 'டோம்' என்று தோளில் உதைக்கும். குழலிலிருந்து வரும் புகையின் அழுத்தம் ஒரு கம்பியைத் தள்ளும், அது அடுத்த குண்டை ஏற்றும். எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்று கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. அழுக்கு ஏறினால் திருகிவிட்டால் போதும், மறுபடி ஓடும். கனம்தான் குறை. ஆடும் கப்பலில் கிட்டத்து ஆளைத் துரத்திச் சுட லாயக்கில்லை. தூரத்துக்கு அதுதான் ராஜா.

குருங்குடையது கறுப்பு. இலேசானது, குண்டும் சின்னது. தள்ளுகம்பி கிடையாது. புகை ஒரு மெல்லிய குழாய் வழியாக நேரே துப்பாக்கியின் வயிற்றுக்குள் போகும். உதை குறைவு. 'பட் பட்' என்று சுடலாம், முனை விலகாது. ஆனால் கரியும் சூடும் வயிற்றிலேயே தங்கும். தினமும் துடைத்து எண்ணெய் போட வேண்டும். உப்புக் காற்று அதற்கு விஷம்.

சூசைக்கு அந்தக் கறுப்பின்மேல் மோகம். குருங் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்து மாட்டப் பழகிக்கொண்டான். நான் எப்போதும் தாப்பாவின் நீளத் துப்பாக்கி பக்கம். எனக்கு அவன் சலாம் வைத்த நாள் குறைவு. கேலி செய்த நாள் அதிகம்.

"அத்தான், ஒம்ம துப்பாக்கிய நட்டு வச்சா பாய் கட்டலாம் போலயே!"

கப்பலே சிரித்தது. மாலுமிகள் அவனைச் சுற்றித்தான் உட்காருவார்கள். கேரளத்துச் சமையல்காரர் ராகவன் அவனுக்கு மட்டும் மீன் தலையை எடுத்து வைப்பார். முப்பது வருஷம் கடலில் கிடந்தவன் நான். வந்து ஒரு வருஷம் ஆகாதவன் அவன். எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

அந்த விடியலில் முதல் சூட்டிலேயே குருங் விழுந்தார். கண்ணாடித் தூள் பட்டு தாப்பாவின் வலது கண் போனது. நீளத் துப்பாக்கியையும் பைனாகுலரையும் என் கையில் திணித்தார். கறுப்பைச் சூசை எடுத்துக்கொண்டான்.

கிட்டத்துப் படகிலிருந்து சுடுகிறார்கள். சத்தத்திலேயே தெரிகிறது, ஏ.கே. வகை. உள்ளே எல்லாம் தளர்வாக இருக்கும். உப்பு, மணல், சேறு, எதுவும் அதை நிறுத்தாது. தூரத்தில் குறி சிதறும். கிட்ட வந்தால் எமன். அதனால்தான் கிட்ட வருகிறார்கள்.

நான் தூரத்துப் படகைப் பார்க்கிறேன். பைனாகுலரில் தெரிகிறது. ஒருவன் தோளில் குழாய். குண்டு வைத்து ஏவும் குழாய். அது எட்டும் தூரத்துக்கு வந்தால் கப்பல் எரியும். நான் மட்டும்தான் பார்த்தேன். வேறு யாரும் தலையைத் தூக்கவில்லை.

தளத்தின் ஓரக் கம்பி வேலியில் குழலைச் சாய்த்தேன். மூச்சை விட்டேன். டோம். தண்ணீர் தெறித்தது. டோம். தள்ளி விழுந்தது. அலை தூக்கும் வரை பொறுத்தேன். டோம். படகின் எஞ்சின்மேல் புகை. படகு குறுக்கே திரும்பி, அலையில் ஆடி, அங்கேயே நின்றது. அவ்வளவு தூரத்துக்கு அந்தக் கறுப்பின் சின்னக் குண்டு போய் என்ன செய்திருக்கும்? ஒன்றும் செய்திருக்காது.

அதற்குள் முதல் படகு எங்கள் விலாவுக்குக் கீழே வந்துவிட்டது. குழலைக் கீழே திருப்பினேன். கனம் இழுத்தது. ஒரு குண்டு விட்டேன். உதையில் குறி எங்கோ போனது. நிமிர்ந்து பார்க்கிறேன். சூசை வேலிமேல் குனிந்து நிற்கிறான். பட் பட் பட். படகில் ஒருவன் சரிந்தான். இன்னொருவன். அப்படி என்னால் சுட்டிருக்க முடியாது. எழுதவே கை வரவில்லை. ஆனால் அதுதான் உண்மை.

பிறகு சத்தம் நின்றது. காலித் தோட்டா உள்ளே மாட்டிக்கொண்டது. கரி. கறுப்பின் வியாதி. நின்றபடியே இழுத்துப் பார்க்கிறான்.

"சூசை! குனிலே! குனி!"

கீழேயிருந்து ஒரே ஒரு வெடி. வேலியைத் தாண்டி விழுந்தான். துப்பாக்கியும் அவனோடு போனது. படகு திரும்பி ஓடிவிட்டது.

மறுநாள் கடற்படைக் கப்பல் வந்தது. ஒவ்வொருவரையும் விசாரித்தார்கள். எல்லோரும் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். கண்டது சூசையை. நான் குழாயைப் பற்றிச் சொன்னேன். அதிகாரி தலையாட்டினார். வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். தாப்பா கண்ணில் கட்டோடு படுத்திருந்தார்.

ஆலந்தலையில் பேருந்து நிற்கும் இடத்தில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஆள் உயரத்துக்குச் சூசை. கீழே கண்ணீர் வடிப்போர் வரிசையில், தபால் தலை அளவுக்கு நான். டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்களும் அங்கனதான் இருந்தீயளா?"

டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

உடல் கிடைக்கவில்லை. அவன் சட்டையையும் ஜெபமாலையையும் பெட்டியில் வைத்துப் புதைத்துக் குருசு நட்டார்கள். கல்லறைத் திருநாளில் அந்த வெறும் குழிக்குத்தான் மெழுகுவத்தி அதிகம். கால் வைக்க இடமிருக்காது. போன வருஷம் என் மனைவியிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

"ஏளா, அந்தத் தூரத்துப் படகு வந்திருந்தா இங்கன ஊரே குழி தோண்டியிருக்கும். ஒருத்தனாவது சொல்லுதானா?"

அவள் மெழுகுவத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செத்தவங்கூடயா போட்டி போடுதீய?"

ஆமாம். அவனோடுதான். உயிரோடு இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். போனவர்கள் இவர்கள். குருங். ராகவன், டீச் சட்டியைக் கையில் பிடித்தபடி. சூசை. தாப்பாவின் வலது கண். கறுப்புத் துப்பாக்கி ஒன்று, கடலில். கிட்டத்துப் படகில் இரண்டு பேர். அவர்கள் முகத்தைச் சூசை பார்த்திருப்பான்.

தூரத்துப் படகில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. குழாயைப் பார்த்தேன், ஆட்களை எண்ணவில்லை. என் கையில் இருந்தது முகம் தெரியாத தூரத்துக்குப் போய் அடிக்கும் துப்பாக்கி. அங்கே நடந்ததற்கு வேறு சாட்சி இல்லை.

ஒரு படகு வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.