சரிபாதியாக உடைந்த தேங்காய்

கிள்ளான் பாசாரில் தேங்காய் வாங்கினால் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன், இன்ஸ்பெக்டர் தம்பி. அன்றைக்கு வாங்கியதும் நல்ல தேங்காய்தான்.

என் வீட்டுக்காரர் கன்னையா துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட என்னைக் கைநீட்டி அடித்ததில்லை. நானும் அவரை அடித்ததில்லை, போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

டிவியில் வாரம் ஒரு தமிழ்ப் படம் வரும். அது போதாதென்று பிரிக்பீல்ட்ஸ் கடையிலிருந்து அவரே வீடியோ டேப் எடுத்து வருவார். படம் பார்த்து நான் நிறையக் கற்றுக்கொண்டேன். யார் இருமினாலும் கைக்குட்டையில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன். போன் அடித்தால் உட்கார்ந்துகொண்டுதான் எடுப்பேன். பக்கத்து வீட்டு இராஜம்மாவின் மாமியார் தலை சுற்றுகிறது என்றபோது, விசேஷம்தான் என்று நான்தான் முதலில் சர்க்கரையோடு ஓடினேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது.

பொங்கலுக்கு முன்னால் ஜெஞ்சாரோம் சாலையில் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் மறதி. பாசாருக்குப் போனால் கறிவேப்பிலையை மறந்தார். டேப்பைத் திருப்பிக் கொடுக்க மறந்தார். கடைசியில் எங்கள் கல்யாண நாளையே மறந்தார்.

"அதுக்கு முன்னாடி ஞாபகம் வெச்சிருந்தாரா?" என்று இராஜம்மா கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம் என்னலா பூமணி? ஆம்பளைங்க எல்லாம் அப்படித்தான்."

பாவம், அவள் வீட்டில் வீடியோ இல்லை. தலையில் ஓர் அடி பட்டால் நினைவு போகும், இன்னோர் அடி பட்டால் திரும்பி வரும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

அம்மிக் குழவிதான் முதலில் கையில் கிடைத்தது. மனசு வரவில்லை, கட்டின புருஷன் அல்லவா. தேங்காயை எடுத்தேன். அவருக்குக் குத்தக் கூடாதென்று குடுமியைக்கூடப் பிய்த்துவிட்டேன். அவர் டிவி முன்னால் உட்கார்ந்து, "காப்பி எங்க பூமணி?" என்றார்.

தேங்காய் சரிபாதியாக உடைந்தது. அழுகல் இல்லை. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

காயத்தில் தேங்காய் நார் இருந்ததாக டாக்டர் எழுதியிருப்பதால், மரத்திலிருந்து விழுந்ததோ என்று கேட்கிறீர்கள். வீட்டுக்குள் ஏது தம்பி மரம்? அடித்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண் விழித்தார். "நான் எங்க இருக்கேன்? நீங்க யாரு?" என்றார். வசனம் ஒரு சொல் பிசகவில்லை. அப்போதுதான் என் தப்பு புரிந்தது. ஜெஞ்சாரோமில் விழுந்தபோது தலையில் ஹெல்மெட் போட்டிருந்தார். அந்த அடி சேர்த்தி இல்லை. ஆக, என்னுடையதுதான் முதல் அடி. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

ஆனால் நேற்று கஞ்சி கொண்டுபோனபோது, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னை 'நீங்க' என்று சொன்னதே இல்லை. நான் வெளியே வந்ததும், "இவங்க ரொம்ப நல்லவங்க, கல்யாணம் ஆயிடுச்சா?" என்று நர்ஸிடம் விசாரித்தாராம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதனால் அவசரமில்லை. தீபாவளி வரைக்கும் இப்படியே இருக்கட்டும். அதற்குப் பிறகு நல்லதாக ஒரு தேங்காய் பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.