நனைக்காமல் எடுத்த துணி

"புண்ணு ஆறிட்டா பொறவு நீங்க வர மாட்டீகளா, சிஸ்டர்?"

"ஆறினா எனக்கு இங்க என்ன வேலை? மூணு மாசத்துக்கு ஒருக்கா எட்டிப் பார்ப்பேன்."

"அப்போ மெதுவாவே ஆறட்டும். நீங்க வார அன்னைக்குத்தான் இவன் ஒழுங்காச் சாப்பிடுதான்."

சுந்தரபாண்டியன் சிரித்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். 1988, ஆடி மாதம். அது பேச்சுக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியாமல் இல்லை, டாக்டரம்மா. ஆனாலும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை இன்னொரு தடவை வரச் சொல்லி அதற்கு முன்பு யாரும் கேட்டதில்லை. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் என் தம்பி கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை அனுப்புவான். அதில் வீட்டுக்கு வா என்று இருக்காது.

வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலைக்கு என்னை நீங்கள்தான் தேர்ந்தெடுத்தீர்கள். நான் நல்ல நர்ஸ் என்று அப்போது சொன்னீர்கள். இப்போதும் அதை மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சுந்தரபாண்டியனின் தம்பி தனுஷ்கோடிக்கு அப்போது வயது முப்பத்தொன்று. பிறந்ததிலிருந்தே மூளை வளர்ச்சி குறைவு. நாலைந்து சொல்தான் பேச்சு. கால்கள் மடங்கி இறுகியிருந்தன. வலிப்பு வேறு. சோற்றை மசித்து, நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். இல்லையென்றால் நெஞ்சுக்குள் போய்விடும். நாலு வருஷத்தில் என் கையால் ஊட்டும்போது அவனுக்கு ஒரு தடவைகூடப் புரையேறியதில்லை. வலிப்பு மாத்திரை ஒரு வேளை தவறியதில்லை. அவனுக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, சட்டைப் பொத்தானை வரிசை தப்பாமல் மாட்டிவிடுவேன்.

பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் வாசலில் நின்று கேலி செய்வாள். "ஏ சிஸ்டரம்மா, நீங்க வந்தாத்தான் இந்த வீட்டுல வெளக்கமாறே அசையுது. அண்ணாச்சிக்கு ஒரு பொண்ணு பார்த்திருந்தாக்கூட இம்புட்டுச் செய்ய மாட்டா."

அந்தத் தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. நான் மட்டும் எப்படியும் கூப்பிடாமலே நாலு வருஷம் பேசிவிட்டேன்.

அவர் தம்பிக்காகக் கல்யாணம் செய்துகொள்ளாதவர். வீட்டின் பின்கட்டில் நாலு விசைத்தறி. நெய்வது பேண்டேஜ் துணி. அதில் மெத்தென்று வந்த பாகத்தைத் தனியே வெட்டி, கொதிக்கவைத்து, காயவைத்து எனக்காக எடுத்து வைப்பார். தறி ஓடினால் தனுஷ்கோடி அதற்கு ஏற்ற மாதிரி 'ம்... ம்...' என்று முனகுவான். கரண்ட் போய்த் தறி நின்றால் கோபம் வந்து கட்டிலைத் தட்டுவான். "முதலாளிக்கு உற்பத்தி கொறஞ்சு போச்சு பாருங்க," என்பார் அண்ணன்.

படுக்கைப் புண் இடுப்புக்குக் கீழே, உள்ளங்கை அகலம். கட்டு மாற்றுகிற முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். பழைய துணி புண்ணில் ஒட்டிக் காய்ந்திருக்கும். உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, அது தானாக விட்டுக்கொடுக்கிறவரை காத்திருந்து எடுக்க வேண்டும். புதிதாக வளரும் சதை பாலாடை மாதிரி. நனைக்காமல் எடுத்தால் துணியோடு வந்துவிடும்.

நான் நனைக்காமல் எடுத்தேன்.

எல்லாத் தடவையும் இல்லை. புண் சிறுத்து வரும்போது மட்டும். ஐந்து மாதத்துக்கு ஒரு தடவை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. தறி ஓடுகிற நேரமாகப் பார்த்துக்கொள்வேன். அவன் முனகல் கொஞ்சம் உயரும்; என் கட்டைவிரலை இறுகப் பிடித்துக்கொள்வான். அப்படி அவன் வேறு யார் விரலையும் பிடித்ததில்லை. பிறகு அவனுக்கு வாழைப்பழம் மசித்துக் கொடுப்பேன். செவ்வாயும் வெள்ளியும் எனக்குப் போக ஓர் இடம் இருந்தது.

தொண்ணூற்றிரண்டில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து நாற்பது நாள் படுத்துவிட்டேன். வேறு ஆள் இல்லையென்று கட்டு மாற்றுவதை அவருக்கே சொல்லிக்கொடுத்திருந்தீர்கள். நான் திரும்பிப் போன அன்று அவர் கையில் லட்டு இருந்தது.

"மூடிருச்சு சிஸ்டர். செத்த நேரம் ஊற வச்சு ஊற வச்சு எடுத்தேன். நான் படிக்காதவன், என் கைக்கே ஆறிருச்சு."

பார்த்தேன். ரோஜா நிறத்தில் தோல் மூடியிருந்தது. அவர் செய்திருந்தது என்னைவிட நன்றாக இருந்தது. தனுஷ்கோடி என்னைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். நாற்பது நாளில் மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

"மேலதான் மூடியிருக்கு. உள்ள சீழ் இருக்கும். தொறந்து விடணும்," என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் ஒரு கேள்வி கேட்கவில்லை. தம்பியை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டதும் அவர்தான். உள்ளே சீழ் எதுவும் இல்லை. நான் திறந்த பிறகுதான் வந்தது. பதினெட்டாம் நாள் குளிர் காய்ச்சல், சீழ் இரத்தத்தில் கலந்து, மூன்று நாளில் முடிந்துவிட்டது. கடைசிவரை நான் பக்கத்தில் இருந்தேன்.

காரியம் முடிந்து அவர் மீந்த துணியையெல்லாம் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். வேறு யாருக்காவது ஆகும் என்றார். "கூடப் பெறந்தவ மாதிரி பார்த்தீக," என்றார். அந்தச் சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உங்களிடம் சொன்ன அதே வரிசையில்.

அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றே ஒன்று கேட்டார்: "அவனுக்கு வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்கும்," என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு எழுந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறார். அவர் சொன்னது அத்தனையும் சரி. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டிருப்பார். கூச்ச சுபாவம்.

படியில் உட்கார்ந்திருந்தபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, தலை குனிந்திருந்தேன். அதனால்தான் அவர் கால் கண்ணில் பட்டது. சர்க்கரை வியாதிக்காரர். வலது பெருவிரலில் அவரே ஒரு துணியைச் சுற்றியிருந்தார். ஓரத்தில் மஞ்சளாகக் கசிந்திருந்தது. நாலு வருஷமாக நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பிப் போனது, அப்போது எந்தத் தடங்கலும் இல்லாமல் வெளியே வந்தது.

"இனிமே அந்த வீட்டுல நீங்க ஒத்தையிலதான இருக்கணும். நானும் வந்து இருந்துக்கிடட்டுமா? அந்தக் கால் புண்ணுக்கு நானே கட்டுப் போடுதேன்."